கற்பனை ரூட்டா இருந்தாலும் நிஜ லைன் மாதிரி ஓட்டணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

மலைரூட்:

வணக்கம் நண்பர்களே, ஓபன் ரெயில்ஸ்ங்கற ட்ரெயின் சிமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டிப் பாக்கற சாஃப்ட்வேர்) ஓடுற மாதிரி ஒரு கற்பனை ரூட் போடலாம்னு இருக்கேன். கீழ ஒரு ஜங்ஷன், அங்கிருந்து 40 கிலோமீட்டர் சமவெளி, அப்புறம் அடிவாரத்துல ஒரு ஸ்டேஷன், அதுக்கப்புறம் மலை ஏறி மேல இருக்குற ஊர்ல லைன் முடியணும். சிங்கிள் லைன், டீசல், கூட்ஸும் பாசஞ்சரும் கலந்து ஓடணும். அடிவாரம் 100 மீட்டர் உயரம், மேல இருக்குற ஊர் 700 மீட்டர், ரெண்டுக்கும் நடுவுல மேப்ல நேர்கோடு போட்டா 12 கிலோமீட்டர்தான் வருது.

சில ரூட்ல மரம், வீடு, ரோட்டுல ஓடுற லாரி வரைக்கும் எல்லாமே அழகா வெச்சிருப்பாங்க, ஆனா கேப்ல (டிரைவர் அறைல) உக்காந்து கொஞ்ச தூரம் போறதுக்குள்ளயே இது யாரோ மௌஸ்ல இழுத்துவிட்ட லைன்னு தெரிஞ்சுடுது. இன்னொரு பக்கம் 2001-ல வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்குன்னு அந்தக் காலத்துல போட்ட சில ரூட், கிராஃபிக்ஸ் ரொம்ப சுமார்தான், ஆனா ஓட்டுனா உண்மையான லைன்ல போற மாதிரியே இருக்கு. எது அந்த வித்தியாசத்தைக் கொண்டு வருது? நான் தரைல ஆரம்பிக்கணுமா, தண்டவாளத்துலயா, ஸ்டேஷன்லயா? விண்வெளில இருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயர டேட்டாவை எடுத்து ஒரு நிஜ மலையை அப்படியே இறக்கிட்டு அது மேல லைன் போட்டா போதுமா?

---

நாப்பதுக்கு_ஒண்ணு:

எடிட்டரைத் திறக்கவே வேண்டாம் இப்போ, ஒரு பேப்பர் எடுங்க, ஏன்னா உங்க கேள்விலயே பாதி ரூட் ஒளிஞ்சிருக்கு.

600 மீட்டர் ஏறணும், 12 கிலோமீட்டர்ல ஏறுனா 20-க்கு 1 (20 மீட்டர் போனா 1 மீட்டர் ஏத்தம்) வருது, பல்சக்கரம் இல்லாம கூட்ஸ் ஓட்டுற லைனுக்கு அது ரொம்பவே செங்குத்து. சரி, 40-க்கு 1 வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணா 24 கிலோமீட்டர் தண்டவாளம் வேணும். அப்போ 12 கிலோமீட்டர் இடத்துக்குள்ள 24 கிலோமீட்டரை எப்படி மடிச்சு வைக்கிறதுங்கறதுதான் உங்க முன்னாடி இருக்குற உண்மையான கேள்வி, நிஜத்துல மலை லைன் போட்ட ஒவ்வொரு இன்ஜினியருக்கும் இதே கேள்விதான் வந்திருக்கு. பக்கவாட்டுப் பள்ளத்தாக்குக்குள்ள போயி எதிர்ப்பக்கச் சரிவுல திரும்பி வர்றது, குதிரை லாடம் மாதிரி ஒரு பெரிய கர்வ், இல்லன்னா தன் மேலயே ஏறிப் போற சுருள், இந்த மூணுல எது உங்க மலைக்கு ஒத்து வரும்னு மலைதான் சொல்லும்.

கலிஃபோர்னியால தெஹாசபி லூப் 1876-ல முடிஞ்சது, ஒரு குன்றைச் சுத்தி ஒன்னேகால் கிலோமீட்டருக்கும் குறைவான சுருள், அதுல லைன் 23 மீட்டர் உயரம் ஏறிடுது, நீளமான கூட்ஸ் போனா தன் வாலுக்கு மேலயே போகும். 1882-ல திறந்த கோட்டார்ட் லைன்ல வாசன்ங்கற ஊர்ல இருக்குற சர்ச் ஒண்ணு வண்டில இருந்து பாத்தா மூணு தடவை, மூணு உயரத்துல தெரியும், ஏன்னா லைன் அங்க மலைக்குள்ள சுரங்கமா சுத்திச் சுத்தி ஏறுது. ரெண்டுமே கிரேடியன்டுக்காக, அதாவது ஏத்தத்தோட சாய்வைக் குறைக்க, வேற வழியில்லாம போட்டது, பாக்க அழகா இருக்கறது பின்னாடி வந்த லாபம். சில ரூட்ல இடம் சமமா இருக்கும்போதே சும்மா வளைஞ்சு வளைஞ்சு போகும் பாருங்க, கண்ணு அங்கதான் உறுத்தும், காரணம் இல்லாத கர்வ்.

இதோட இன்னொண்ணு சேத்துக்கங்க. கர்வ்ல வண்டிக்கு எதிர்ப்பு கூடும், அதனால ஏத்தமும் கர்வும் ஒரே இடத்துல வந்தா ஏத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணும். இந்திய பிராட்கேஜ் கணக்குல 70-ஐ மீட்டர்ல இருக்குற ரேடியஸால வகுத்தா எத்தனை சதவீதம் குறைக்கணும்னு வரும். 300 மீட்டர் கர்வ்னா 0.23, அப்போ 2.5 சதவீத ஏத்தம் அந்தக் கர்வ்ல 2.27 ஆகணும், அதாவது கிட்டத்தட்ட 44-க்கு 1. ஸ்டேஷன் இருக்குற இடத்துல கிட்டத்தட்ட சமமாவே இருக்கணும், 400-க்கு 1-ஐ விட செங்குத்தா விடமாட்டாங்க, இல்லன்னா கழட்டி விட்ட வேகன் தானா உருண்டு போயிடும். இப்படி அங்கங்க விட்டுக் கொடுத்த உயரத்தையெல்லாம் வேற இடத்துல ஈடு கட்டணும்ல, உங்க 24 கிலோமீட்டர் 27, 28-னு போயிடும். அதுக்கு இடம் வெச்சுக்கங்க.

எஸ்ஆர்டிஎம் பத்தி. அது 2000 பிப்ரவரில எண்டெவர் விண்வெளி ஓடத்துல ரேடார் வெச்சு எடுத்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. காடு இருந்தா ரேடார் மரத்து மேல் பக்கமே திரும்பி வந்துடும், நமக்கு அது தரை உயரம்னு வரும். 200 மீட்டர் தூரத்துல 5 மீட்டர் தப்பு வந்தா அதுவே 40-க்கு 1 ஏத்தம் ஆச்சு! அதனால பள்ளத்தாக்கு எப்படிப் போகுது, கணவாய் எங்க இருக்குன்னு பாக்கறதுக்கு அது தங்கம், ஆனா தண்டவாளத்தை அது மேல ஒட்டிப் போடாதீங்க. முதல்ல ப்ரொஃபைல் வரைங்க, கீழ தூரம், பக்கத்துல உயரம், நீள நீளமான நேர்கோடுகளா, நூறு மீட்டருக்கு ஒரு தடவை ஏத்தத்தை மாத்தாம. அப்புறம் அந்தக் கோட்டுக்குத் தரையை வெட்டுங்க, நிரப்புங்க. நிஜத்துலயும் வெட்டி எடுத்த மண்ணை வீணாக்காம பக்கத்துப் பள்ளத்துல கொட்டித்தான் கரை போடுவாங்க, அதனால கட்டிங் முடிஞ்ச கொஞ்ச தூரத்துல கரை ஆரம்பிக்கும், கரை முடிஞ்சா திரும்ப கட்டிங். இந்த மாறி மாறி வர்றதுதான் நீங்க சொன்ன பழைய ரூட்ல இருக்குன்னு நினைக்கிறேன், அதைப் போட்டவர் கிரேடியன்ட் சார்ட்டை வெச்சுக்கிட்டு போட்டிருப்பார்.

---

சிக்னல்_கேபின்:

மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா நான் ஆரம்பிக்கறது வேற இடத்துல. இந்த லைன்ல என்ன ஓடும்னு முதல்ல எழுதுங்க. மேல ஊர்ல இருந்து என்ன இறங்குது, மரமா, தாதுவா, டீத்தூளா? காலி வேகன் மேல போயி லோடு கீழ வருதுன்னா செங்குத்தான ஏத்தத்தைக் கூட தாங்கிக்கலாம், லோடு மேல போகணும்னா கதையே வேற.

ஒரு கணக்கு பாருங்க. 40-க்கு 1-னா ஒரு டன்னுக்கு 25 கிலோ இழுவை, லோகோவையும் சேத்து 1000 டன் வண்டின்னா 25 டன், உருளும் எதிர்ப்புக்கு இன்னொரு ரெண்டு மூணு டன். ஆறு அச்சு லோகோ 110 டன் எடை, அதுல கால் பங்கு ஒட்டுதல் கிடைச்சா 27, 28 டன் இழுக்கும். அதாவது சரியா விளிம்புல நிக்குது. மழை பெஞ்சு தண்டவாளம் ஈரமானா சக்கரம் வழுக்கும், வண்டி நின்னுடும். அதனால அடிவாரத்துல பின்னாடி தள்ளுறதுக்கு பேங்கர் லோகோ சேக்கணும், சேக்கணும்னா அங்க பேங்கர் நிக்க ஒரு சைடிங் வேணும், டீசல் போடற இடம், க்ரூ தங்கற ரூம், மேல இருந்து தனியா இறங்கி வர்ற பேங்கருக்கு டைம்டேபிள்ல ஒரு பாத் (அது ஓடறதுக்கான நேரம்). பாருங்க, ஒரே ஒரு கிரேடியன்ட் முடிவுல இருந்து உங்க அடிவார ஸ்டேஷனோட யார்டு முழுசும் வந்துடுச்சு, இதுல எதையும் நீங்க கற்பனை பண்ணி வைக்கவே இல்ல.

அடுத்து கிராசிங் ஸ்டேஷன், அதாவது சிங்கிள் லைன்ல எதிரெதிரா வர்ற வண்டிங்க ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போற இடம். நிறைய பேர் 8 கிலோமீட்டருக்கு ஒண்ணுன்னு சீரா வெச்சுட்டு போயிடறாங்க. சிங்கிள் லைன்ல கிலோமீட்டர் முக்கியம் இல்ல, நிமிஷம்தான் முக்கியம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு வண்டி எவ்வளவு நேரம் செக்‌ஷனை அடைச்சுக்கிட்டு இருக்குதோ அதுதான் லைனோட கெப்பாசிட்டி. சமவெளில 60-ல போற வண்டி 20 நிமிஷத்துல 20 கிலோமீட்டர் போயிடும், மலைல 24-ல ஏறுற கூட்ஸ் அதே 20 நிமிஷத்துல 8 கிலோமீட்டர்தான் போகும். அப்போ சமவெளில ஸ்டேஷன் தள்ளித் தள்ளி, மலைல ஊரே இல்லாத இடத்துல கூட கிட்டக் கிட்ட ஒரு லூப் (ஒரு வண்டி ஒதுங்கி நிக்க பக்கத்துல இன்னொரு லைன்), ஒரு சின்ன கேபின், ரெண்டு குவார்ட்டர்ஸ். காட்டுக்கு நடுவுல தனியா நிக்கிற அந்த மாதிரி ஸ்டேஷன் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது அங்க இருக்கறதுக்கு ஒரே காரணம் இந்த நிமிஷக் கணக்குதான். லூப் நீளம் உங்க நீளமான கூட்ஸை விட அதிகமா இருக்கணும், பாயின்ட்ஸ்ல (லைன் பிரியுற இடம்) இருந்து பாயின்ட்ஸ் வரைக்கும் அளக்காதீங்க, வண்டி நின்னா பக்கத்து லைனை இடிக்காத இடத்துல இருந்து ஸ்டார்ட்டர் சிக்னல் (ஸ்டேஷன்ல இருந்து கிளம்ப அனுமதி தர்றது) வரைக்கும் அளங்க.

சிக்னலும் அப்படித்தான், அழகுக்கு நட்டா ஓட்டறவனுக்கு உடனே தெரிஞ்சுடும். 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி செகண்டுக்கு செகண்டு 0.5 மீட்டர் வேகம் குறையுற மாதிரி பிரேக் பிடிச்சா நிக்க 770 மீட்டர் ஆகும், அதே வண்டி 100-க்கு 1 இறக்கத்துல வந்தா 960 மீட்டர். டிஸ்டன்ட் சிக்னலை (முன்கூட்டியே எச்சரிக்கறது) ஹோம் சிக்னல்ல (ஸ்டேஷனுக்குள்ள வர அனுமதி தர்றது) இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்னு இதுதான் முடிவு பண்ணும், இறக்கத்துல இன்னும் தள்ளி. அப்புறம் அந்த இடத்துல ஒரு கட்டிங்கோ கர்வோ மறைக்குதான்னு கேப் வியூல ஓட்டிப் பாருங்க, மறைச்சா கம்பத்தை உயர்த்தணும் இல்ல எதிர்ப்பக்கம் நடணும்.

---

ஜன்னல்_சீட்:

கணக்கு எல்லாம் ஓகே ஆனா மரம் வீடெல்லாம் முக்கியமே இல்லங்கற மாதிரி பேச்சு போகுது, அதை நான் ஒத்துக்க மாட்டேன். ஓட்டறவன் பாக்கறது டிரைவர் சீட்டோட உயரத்துல இருந்து, அதனால லைன்ல இருந்து முதல் 50 மீட்டர்ல இருக்கறதுதான் ரூட். ஜல்லி ஓரத்துல முளைச்ச புல்லு, கல்வெர்ட்டோட கைப்பிடிச் சுவர், கிரேடியன்ட் போஸ்ட், கிலோமீட்டர் கல், விசில் போர்டு, மாத்திப் போட்ட பழைய ஸ்லீப்பர் கட்டை அடுக்கி வெச்சிருக்கறது. இதுல நேரம் செலவு பண்ணுங்க, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குற கிராமத்துல ஒவ்வொரு வீடா வைக்கிறதுல இல்ல. கட்டிங் வர்ற இடத்துல பின்னாடி ஒண்ணுமே வைக்க வேண்டாம், எப்படியும் தெரியாது, அங்க மிச்சமாகுற ஃப்ரேம் ரேட்டை யார்டுல செலவு பண்ணுங்க.

கர்வ் பத்தியும் சொல்லணும். நேர் லைன்ல இருந்து சட்டுன்னு 300 மீட்டர் கர்வுக்குள்ள நுழைஞ்சா கேமரா ஒரு வெட்டு வெட்டும், நிஜத்துல எந்த லைனும் அப்படி இருக்காது, நடுவுல டிரான்சிஷன் இருக்கும், வளைவும் கேன்ட்டும் (வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வண்டியை உள்பக்கம் சாய்க்கறது) கொஞ்சம் கொஞ்சமா கூடும். துண்டு துண்டா டிராக் வைக்கிற எடிட்டர்னா 2000, 1000, 600, 400-னு ரேடியஸைக் குறைச்சுக்கிட்டே போயி 300-க்கு வாங்க, வெளிய வரும்போது அதே திருப்பி.

கேன்ட்டையும் ஒரே அளவா எல்லா இடத்துலயும் போடாதீங்க. ஸ்டாண்டர்டு கேஜ்ல 11.8-ஐ வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி ரேடியஸால வகுத்தா மில்லிமீட்டர்ல வரும். உங்க 300 மீட்டர் கர்வ்ல 45-ல இறங்குற பாசஞ்சர் 80 மில்லிமீட்டர் கேக்கும், 20-ல ஏறுற கூட்ஸ் 16 மில்லிமீட்டர்தான் கேக்கும். பாசஞ்சருக்கு முழுசா குடுத்தா கூட்ஸோட எடை பூரா உள் தண்டவாளத்துல இறங்கி அதைத் தேய்ச்சுடும், அதனால நடுவுல ஒண்ணு, 50 மாதிரி. மலைல லேசாத்தான் சாயும், சமவெளில பெரிய கர்வ்ல வேகமா போகும்போது நல்லா சாயும், ஓட்டும்போது உடம்புக்கே அந்த வித்தியாசம் தெரியணும்.

சத்தத்தை விட்டுடாதீங்க! உங்க ரூட் எந்தக் காலம்? பழைய லைன்னா ஃபிஷ்பிளேட் ஜாயின்ட் (ரெண்டு தண்டவாளத் துண்டு சேர்ற இடம்) சத்தம் வரணும். அமெரிக்கால தண்டவாளம் 39 அடி, 40 அடி வேகன்ல ஏத்தணும்ங்கறதுக்காக அந்த நீளம், அது கிட்டத்தட்ட 12 மீட்டர், 40 கிலோமீட்டர் வேகத்துல போனா செகண்டுக்கு ஒரு தட்டு. லாங் வெல்டட் ரெயில்னா (துண்டுகளை வெல்ட் பண்ணி நீளமா ஒட்டினது) அந்தத் தட்டு பாயின்ட்ஸ்ல மட்டும்தான் கேக்கும். கண்ணை மூடிக்கிட்டே ஸ்டேஷன் வருதுன்னு சொல்லிடலாம்.

---

மலைரூட்:

இவ்வளவு விவரமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல, ரொம்ப நன்றி எல்லாருக்கும். பேப்பர்ல ப்ரொஃபைல் ஆரம்பிச்சுட்டேன். மேல இருந்து மரமும் சுண்ணாம்புக்கல்லும் இறங்கும், காலி வேகன் மேல ஏறும்னு முடிவு பண்ணியாச்சு, பேங்கர் இல்லாமலே சமாளிக்கலாம் போலயே? ஆனா இப்போ கவலை இறக்கத்துக்கு மாறிடுச்சு. லோடு வண்டி பிரேக் பிடிக்காம இறங்கி வந்தா நடு மலை ஸ்டேஷன்ல நிக்கிற பாசஞ்சர் கதி என்ன, இதுக்கு நிஜத்துல என்ன பண்றாங்க? இன்னொண்ணு, இதே ரூட்டை பின்னாடி எலக்ட்ரிக் வெர்ஷனா போடணும்னு ஆசை, கம்பம் எத்தனை மீட்டருக்கு ஒண்ணு?

---

ஓஎச்இ_ரசிகன்:

கம்பத்துக்கு நான் சொல்றேன். ஒரே இடைவெளில நட்டுட்டு போகக் கூடாது. வயர் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நேராத்தான் போகும், அதால வளைய முடியாது, ஆனா கீழ லைன் வளையுது, அப்போ நடுவுல வயர் லைனோட மையத்தை விட்டு விலகும். எவ்வளவுன்னா இடைவெளியோட வர்க்கத்தை எட்டு மடங்கு ரேடியஸால வகுக்கணும். இந்திய 25 கேவி லைன்ல அதிகபட்ச இடைவெளி 72 மீட்டர், அதை 400 மீட்டர் கர்வ்ல வெச்சா விலகல் 1.6 மீட்டர், பேண்டோகிராஃபை (லோகோ கூரைல இருந்து வயரைத் தொட்டு கரன்ட் எடுக்கறது) விட்டே வயர் வெளிய போயிடும். அதே கர்வ்ல 36 மீட்டர் வெச்சா 40 சென்டிமீட்டர், கம்பத்துகிட்ட 20 வெளிப்பக்கம், நடுவுல 20 உள்பக்கம்னு பிரிச்சுக்கலாம், சரியா இருக்கும். உங்க 300 மீட்டர் கர்வ்ல இன்னும் நெருக்கம், 31 மீட்டர் மாதிரி.

நேர் லைன்லயும் வயர் நட்ட நடுவுல போகாது, ஒரு கம்பத்துல 20 சென்டிமீட்டர் இடது, அடுத்ததுல வலதுன்னு கோணல் மாணலா இழுத்திருப்பாங்க, இல்லன்னா பேண்டோகிராஃப்ல ஒரே இடம் தேய்ஞ்சு அறுந்துடும். கேப்ல இருந்து மேல பாத்தா வயர் மெதுவா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடிக்கிட்டே வரணும், அது இல்லாத ரூட்ல எனக்கு ஓட்டவே மனசு வராது. டீசல் வெர்ஷன் போடும்போதே சுரங்கத்தோட உயரத்தையும் பாலத்துக்குக் கீழ இருக்குற இடைவெளியையும் யோசிச்சு வெச்சுக்கங்க, பின்னாடி வயர் உள்ள போகணும்.

---

சிக்னல்_கேபின்:

காலி வேகன் மேல போறதுன்னா பேங்கர் வேண்டாம், சரிதான். ஆனா மழைக் காலத்துக்கு டைம்டேபிள்ல ரெண்டு மூணு நிமிஷம் சேத்து வெச்சுக்கங்க.

இறக்கத்துக்கு கேட்ச் சைடிங். ஸ்டேஷனை நோக்கி 80-க்கு 1-ஐ விட செங்குத்தா இறங்குனா இந்திய ரயில்வேல அது வெச்சே ஆகணும். ஸ்டேஷனுக்கு மேல்பக்கம் மெயின் லைன்ல இருந்து ஒரு கிளை பிரிஞ்சு மலைச் சரிவுல ஏறிப் போயி முடியும், பாயின்ட்ஸ் எப்பவும் அந்தக் கிளைக்குத்தான் போட்டிருக்கும். வண்டி கன்ட்ரோல்ல இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் மெயின் லைனுக்கு மாத்துவாங்க, கன்ட்ரோல் இல்லாம வந்தா நேரா அந்த ஏத்தத்துல ஏறி வேகம் செத்து நிக்கும். இதோட எதிர்ப்பக்கமும் இருக்கு, ஸ்டேஷனோட கீழ்முனைல இருந்து லைன் 100-க்கு 1-ஐ விட செங்குத்தா இறங்கிப் போச்சுன்னா அங்க ஸ்லிப் சைடிங், ஸ்டேஷன்ல நிக்கிற வேகன் உருண்டு கீழ செக்‌ஷனுக்குள்ள போயிடாம இருக்க.

உங்க ரூட்ல இதை ஆக்டிவிட்டியாவே (சிமுலேட்டர்ல ஓட்டி முடிக்கிற ஒரு வேலை) பண்ணலாம், இறங்கி வர்ற வண்டி அந்த பாயின்ட்ஸ்க்கு முன்னாடி முழுசா நின்னு சிக்னல் வாங்கிட்டுதான் போகணும்னு வைங்க, பிரேக்கை நல்லா கத்துக்கிட்டவன்தான் சரியான இடத்துல நிறுத்துவான்.

---

நாப்பதுக்கு_ஒண்ணு:

கேட்ச் சைடிங் ஏறிப் போகணும்ங்கறதால அதுக்கு லைனுக்கு மேல்பக்கம் உயர்ந்து போற சரிவு வேணும், ஸ்டேஷனுக்கு சமமா ஒரு தட்டு வேணும், லூப்புக்கு நீளம் வேணும். இந்த மூணும் சேந்து கிடைக்கிற இடம் உங்க மலைல நாலஞ்சுதான் இருக்கும். அதை முதல்ல மேப்ல குறிச்சுட்டு, ஒவ்வொண்ணோட உயரத்தையும் ப்ரொஃபைல்ல புள்ளியா வெச்சு, புள்ளிகளை 40-க்கு 1-ல இணைக்க எவ்வளவு தண்டவாளம் வேணும்னு பாருங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல மேப்ல தூரம் பத்தலன்னா அங்கதான் உங்க சுருளோ லாடமோ வரப் போகுது. வரைஞ்சு முடிச்சதும் படத்தை இங்க போடுங்க, கர்வ்ல ஏத்தத்தை சரியா குறைச்சிருக்கீங்களான்னு பாத்துச் சொல்றேன்.